யாரும் வரச் சொல்லாத விஸ்கி

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, கடல் நினைத்தால் போகலாம் நினைக்காவிட்டால் போக முடியாது என்கிற தூரத்தில், க்ரானே என்று ஒரு தீவு இருந்தது. அங்கே மனிதர்களைவிட ஆடுகள் அதிகம், ஆடுகளைவிட மழை அதிகம், மழைக்கு அடுத்தபடியாக அதிகம் இருந்தது விஸ்கி, அதுவும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. போனது ஏன் திரும்பி வரவில்லை என்று அந்தத் தீவில் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்குக் கழுகுமலையிலிருந்து ஒருத்தி போக வேண்டியிருந்தது, அவள் பெயர் கோமதி.

கோமதியின் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் தாண்ட முடியாது; தீப்பெட்டி வாங்க முக்குக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும், தப்பிச் சொன்னவரை அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணி குடிக்கவைத்து, மறுபடி ஒழுங்காகச் சொல்லவைத்து அனுப்புவாள். விருந்தாளிக்கும் அப்படித்தான், சிலிண்டர் போடுகிறவருக்கும் அப்படித்தான், கரண்டு போனால்கூட அம்மா இருட்டைப் பார்த்து "போயிட்டு வா" என்பாள், அது பெரும்பாலும் வந்தும்விடும்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அந்தத் தப்பு நடந்தது. கோமதி மேற்படிப்புக்காகக் கிளாஸ்கோ கிளம்பியபோது, மதுரை விமான நிலைய வாசலில், அவளுடைய அப்பா சங்கரபாண்டியன் எல்லாருக்கும் கடைசியாக முன்னே வந்தார், சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் வாலிபத்திலிருந்து கண்டக்டராக இருப்பவர், எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியவர், மகளின் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார், வாய் திறந்தது, வந்தது பழகிய வார்த்தை: "போலாம் ரைட்." எல்லாரும் சிரித்தார்கள், கோமதியும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கோமதியால் வீட்டுக்குத் திரும்பிவர முடியவில்லை. பொங்கலுக்கு டிக்கெட் போட்டாள், பனி கொட்டி விமான நிலையத்தையே மூடினார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்டாள், பாஸ்போர்ட் வாஷிங் மெஷினுக்குள் போய் வெள்ளைவெளேரென்று வெளியே வந்தது. போன தீபாவளிக்கு விமானத்தில் ஏறியே விட்டாள், அது மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ விளக்கு எரியவில்லையென்று ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டது. அம்மா ஜோசியரிடம் போனாள், ஜோசியர் சனியைக் குறை சொன்னார், பாவம் சனிக்கு இதில் சம்பந்தமே இல்லை. இப்போது தங்கை பொன்செல்விக்குக் கல்யாணம், வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். "அக்கா இல்லாம நான் மணவறையில உக்கார மாட்டேன், மாப்பிள்ளை தனியா உக்காந்துக்கிடட்டும்" என்று அவள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள், செய்யக்கூடியவள்தான்.

விமானம் செவ்வாய்க்கிழமை காலையில். அதற்கு முந்தின நாள் பார்த்துத்தான் கோமதியின் வகுப்பு, உணவுப் பதன அறிவியல் படிக்கிற வகுப்பு, க்ரானே தீவிலுள்ள விஸ்கி ஆலையைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டது. போகாதவர்களுக்கு மார்க் கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டதால் கோமதியும் கிளம்பினாள், சாயங்காலக் கப்பலில் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. வீட்டில் விஸ்கி என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்லித் தண்ணி காய்ச்சுற ஆலைப்பா" என்று சொல்லியிருந்தாள், அது பொய்யும் இல்லை. சங்கரபாண்டியன் அன்றைக்குப் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் மகள் சீமையில் பார்லித் தண்ணி ஆலை பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லி டிக்கெட் கொடுத்தார்.

ஆலையைச் சுற்றிக் காட்டியவன் ஹேமிஷ், சிவப்புத் தாடி, வாய் ஓயாதவன். முளைகட்டிய பார்லியைத் தளமெங்கும் பரப்பி மண்வெட்டியால் புரட்டுவதைக் காட்டினான், கோமதி ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள், முளைகட்டிய பயறு மாதிரி இனித்தது. சதுப்பில் வெட்டியெடுத்த மண்கட்டியை எரித்துப் புகை போடுவதைக் காட்டினான், கல்யாண மண்டபத்தில் நிறுத்தினால் ஊருக்கே சோறு ஆக்கலாம் போலிருந்த செம்பு அண்டாக்களைக் காட்டினான், அவற்றின் நீண்ட கழுத்து வழியே ஆவி ஏறி வளைந்து குளிர்ந்து சொட்டுவதைக் காட்டினான். மற்ற மாணவர்கள் மூக்கால் இழுத்து இழுத்துக் கண் சொருகினார்கள். கோமதி குறிப்பெடுத்தாள், இடையிடையே விமானம் நேரத்துக்குக் கிளம்புமா என்று போனில் பார்த்தாள்.

கடைசியாகப் பீப்பாய்க் கொட்டடி. இருட்டும் குளிருமாக நீண்ட கூடம், வரிசை வரிசையாகப் பீப்பாய்கள், அவற்றில் எல்லாவற்றுக்கும் மூத்த பீப்பாயின் முன்னால் நின்று ஹேமிஷ் விரலை மடக்கித் தட்டினான், அடியில் தட்டினால் கனமாகக் கேட்டது, மேலே தட்டினால் வெறும் குடமாகக் கேட்டது.

"பாதிக்கு மேலே காலி. யாரும் குடிக்கவில்லை. மரத்தின் வழியாக ஆவியாகப் போய்விடும், வருஷா வருஷம் கொஞ்சம். வானத்திலிருக்கும் தேவதைகளுக்கு நாங்கள் கொடுக்கிற பங்கு என்று வைத்துக்கொள்வோம்" என்றான்.

"போகும்போது யாராவது ஏதாவது சொல்லி அனுப்புவீர்களா?" என்று கேட்டாள் கோமதி.

"யாரிடம், ஆவியிடமா? என்ன சொல்ல வேண்டும்?"

"போயிட்டு வாங்கன்னு சொல்லணும்" என்று தமிழிலேயே சொன்னாள், பிறகு அதன் அர்த்தத்தையும் சொன்னாள். அவன் தாடி குலுங்கச் சிரித்தான். அவளுக்கு அந்தப் பீப்பாயைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அப்பாவைவிட வயசில் மூத்த பீப்பாய், இத்தனை காலமாகத் தன்னிடமிருந்து கிளம்பிப் போகிறவர்களை வாய் திறந்து அனுப்பிவைக்க ஆள் இல்லாமல் கிடக்கிறது. வயசுக்கு மரியாதையாக அதன் வயிற்றில் கை வைத்து, மேலே கூரையைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக யாரும் வரச் சொல்லவில்லை, அதனால்தான் அது வரவில்லை. இப்போது ஒருத்தி மரியாதையாகச் சொல்லிவிட்டாள், அது வந்தது.

முதலில் கடலுக்கு மேலே மேகம் கட்டியது, மேகம் இறங்கித் தேன்நிற மூட்டமாகி ஊருக்குள் நுழைந்தது, நுழைந்தது எல்லாம் நேராகக் கொட்டடிக்குப் போய்த் தன் தன் பீப்பாயைக் கண்டுபிடித்து மரத்தின் வழியாகவே உள்ளே இறங்கியது. காலியாக ஒலித்ததெல்லாம் நிறைந்தது, நிறைந்ததெல்லாம் தளும்பியது, தக்கைகள் ஒவ்வொன்றாகப் பிதுங்கிக் கூரையில் போய் மோதின. ஹேமிஷ் சிரிப்பை நிறுத்திவிட்டு வாளி தேட ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்து ஊரும் வந்தது, கெட்டிலோடு வந்தார்கள், பால் கேனோடு வந்தார்கள், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அது குளிக்கிற தொட்டியோடு வந்தார்கள், மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடும் வந்தார்கள். ஆடுகள் மூட்டத்தை மேய்ந்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

ஊர்ப் பாதிரியாருக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது, தேவதைகளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது முறையா என்று. கொட்டடி வாசலில் நின்று நெடுநேரம் யோசித்தார், யோசிக்க யோசிக்க மூட்டம் அவர் மூக்கு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது, முடிவில் தேவதைகள் ஒருவேளை குடியை நிறுத்தியிருக்கலாம், அது நல்ல விஷயம்தானே என்று சொல்லிவிட்டுப் பூஜாடிகளை எடுத்துவரப் போனார். வரி அதிகாரிக்கு அதைவிடப் பெரிய சிக்கல், வெளியே போகிற விஸ்கிக்கு வரி உண்டு, தானாக உள்ளே வருகிற விஸ்கிக்கு என்ன செய்வதென்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. "சட்டத்தில் இல்லாததை நான் பார்க்கவும் இல்லை" என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தடவித் தடவி வீட்டுக்குப் போய் அவரும் ஒரு கெட்டிலோடு வந்தார்.

மத்தியானத்துக்குள் அந்த வார்த்தை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர்களுக்கு "வாங்க", சின்னவர்களுக்கு "வா" என்று கோமதி கற்றுக்கொடுத்தாள், நாக்கு புரளாவிட்டாலும் எல்லாரும் சொன்னார்கள், சொன்னது பலித்தது. தபால்காரி பழக்கதோஷத்தில் கடிதங்களுக்கும் சொல்லிவிட்டாள், பெட்டிகளில் போட்டவையெல்லாம் அவள் திரும்புவதற்கு முன்பே பைக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. முடிதிருத்துகிறவர் வெட்டிய முடிக்கு ஒரு மரியாதைக்குச் சொன்னார், கடை வாசலைத் தாண்டுவதற்குள் ஆளுக்குப் பழைய தலை வந்துவிட்டது. இதைக் கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஓடிவந்தார், வாலிபத்திலேயே வழுக்கை விழுந்தவர். "என் முடி போகும்போது நான் ஒன்றும் சொல்லவில்லையே, திட்டத்தான் செய்தேன். இப்போது சொன்னால் கேட்குமா?" என்றார். முடிதிருத்துகிறவர் வழுக்கையில் கைவைத்துப் பணிவாக, "போயிட்டு வாங்க" என்றார். நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருப்பதற்குள் முடி வந்தது, போனபோது எப்படிப் போனதோ அப்படியே, கன்னங்கரேலென்று, முன்னால் ஒரு சுருளோடு. அவர் மனைவி கடை வாசலில் வந்து நின்று, அடையாளம் தெரியாமல் அவரிடமே "சார், என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள், பிறகு தெரிந்ததும் வெட்கப்பட்டாள்.

எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது, கப்பல் நேரம் வரும்வரை. பீப்பாய் நிறைந்து, கெட்டில் நிறைந்து, பூட்ஸும் நிறைந்தபிறகு, இறங்க இடமில்லாத மிச்ச ஆவியெல்லாம் தீவைச் சுற்றிக் கடல்மேல் உட்கார்ந்துகொண்டது, தன் கையைத் தானே பார்க்க முடியாத அளவுக்கு. கப்பல் ஓட்டுகிற இசபெல் படித்துறைக்கு வந்து பார்த்தாள், ஒரு முறை முகர்ந்தாள், இன்னொரு முறை முகர்ந்தாள். "இதற்குள் கப்பலை விட்டால் நானும் போதையாவேன், கப்பலும் போதையாகும். இன்றைக்குக் கிடையாது, நாளைக்கும் சந்தேகம்" என்றாள். வகுப்பு முழுக்கக் கைதட்டிக் கொண்டாடியது. கோமதி படித்துறைக் கல்லில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்; திரும்பத் திரும்ப ஏதோ ஒன்று வந்து வழியை அடைத்தது, இந்தத் தடவை அதையும் அவளே கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள், தங்கை மணவறையில் உட்கார மாட்டாள், தான் இனி வீட்டுக்குப் போகவே போவதில்லை.

ஹேமிஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாடிக்காரனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, கேள்வி கேட்கத்தான் தெரியும். "நீ கிளம்பியபோது உன் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லித்தானே அனுப்பியிருப்பார்கள்? பிறகு எப்படி நீ திரும்பாமல் போவாய்?" என்றான்.

கோமதி அழுகையை நிறுத்தினாள். அம்மா சொன்னாள், தங்கை சொன்னாள், சித்தப்பா சொன்னார். கடைசியாக வந்தவர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது. தூரத்தில் தலைமையாசிரியர் காற்றில் சுருள்முடி பறக்கப் படித்துறையில் உலாவிக்கொண்டிருந்தார். சொல்ல மறந்ததைப் பிறகு சொன்னாலும் செல்லும். போனை எடுத்தாள்.

கோவில்பட்டியிலிருந்து கிளம்பிய பஸ் அப்போது கழுகுமலையை நெருங்கிக்கொண்டிருந்தது, நிற்க இடமில்லாத கூட்டம். "என்னட்டி, பார்லி ஆலை பாத்தாச்சா? நாளைக்கு ஏரோப்ளேன் உண்டுல்லா?" என்றார் சங்கரபாண்டியன்.

"அப்பா, மதுரை ஏர்போர்ட்ல என்னைய அனுப்புனப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் டிக்கெட் மெஷினில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நெனப்பு இல்லையே தாயி."

"நெனச்சுப் பாருங்கப்பா."

"போலாம் ரைட்டுன்னு சொல்லிட்டேன்" என்றார், குரல் இறங்கியிருந்தது. "எங்க அழுதுருவனோன்னு பயந்தேன். அந்த நேரத்துல வாய்க்குப் பழகுனதுதான் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீ வரலன்னு சொல்லும்போது, எம் பிள்ளைய வரச் சொல்லாம அனுப்புனவன் நான்தானேன்னு இருக்கும். உங்க அம்மைக்குக்கூடத் தெரியாது. சனி, சனின்னு அலையுதா, நான் பேசாம இருந்துக்கிடுவேன்."

"இப்பச் சொல்லுங்க."

"இப்பவா? பஸ்ஸுல ஆளுக நிக்காங்கட்டி."

ஆட்கள் நிற்பது மட்டுமில்லை, கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். டிரைவர் சுடலைமுத்து வண்டியை ஓரங்கட்டினார். பின்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள், "யாரு, பார்லித் தண்ணிப் பிள்ளையா? அந்த ஸ்பீக்கரப் போடுங்கண்ணாச்சி" என்றாள், அவர் போடுவதற்குள் பஸ்ஸே சேர்ந்து, "போயிட்டு வா தாயி!" என்று கத்தியது. க்ரானே படித்துறையில் அந்தச் சத்தம் கேட்டது, எல்லாரும் மூட்டத்தைப் பார்த்தார்கள், அது அசையவில்லை. சொல்லாமல் விட்டவர் அவர்கள் இல்லையே.

பஸ்ஸும் தீவும் சேர்ந்து காத்திருந்தன. சங்கரபாண்டியன் விசிலைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், யாருக்கும் முகத்தைக் காட்டாமல், விமான நிலையத்தில் அழாத அழுகையை எல்லாம் அழுதுகொண்டே சொன்னார்.

"போயிட்டு வாம்மா."

"போயிட்டு வாரேம்ப்பா" என்றாள் கோமதி.

படித்துறையில் இருந்தவர்களுக்கு வார்த்தை புரிந்தது, மிச்சம் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. இசபெல்தான் முதலில் எழுந்தாள். இந்த மூட்டம் ஏன் நகராமல் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா, போனால் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்களோ என்று பயப்படுகிறது, அவ்வளவுதான், என்றாள். ஊராருக்கு அதை அனுப்ப மனசில்லை, கெட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள், வரி அதிகாரி இரண்டு கெட்டிலைப் பிடித்திருந்தார். பிறகு பாதிரியார் தொடங்கிவைக்க, ஊரே கடலைப் பார்த்து, நாக்கு புரண்டவரைக்கும், "போயிட்டு வாங்க" என்றது. மூட்டம் ஒரு நிமிஷம் தயங்கியது, பிறகு நம்பியது, எழுந்தது, தேன்நிறமாக மேற்கே நகர்ந்து போனது. அது ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறது, ஊரே பாத்திரங்களோடு படித்துறையில் நிற்கும், அன்றைக்கு வரி அதிகாரிக்குக் கண்ணாடி தொலைந்துபோகும்.

கப்பல் கிளம்பியது, மறுநாள் விமானமும் கிளம்பியது, எல்லா விளக்கும் எரிந்தன. முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, இறங்கும் நேரத்தைக் கோமதி வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசல் வழியாக ஏறினாள். பஸ் ஊரைத் தாண்டி வேகமெடுத்தது. சங்கரபாண்டியன் முன்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார், விசிலைப் பல்லில் கடித்தபடி, மெஷினைப் பார்த்துக் குனிந்த தலை நிமிராமல், அவள் முன்னால் வந்து நின்று, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"வந்துட்டேம்ப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், வாயில் இருந்தது விசில், அது நீளமாக ஒரு விசில் அடித்தது. ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். சுடலைமுத்து பருத்திக்காட்டு நடுவே பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, "யாருவே எறங்கணும்?" என்று கேட்டார்.

"யாரும் எறங்கலவே. எம்மக வந்துருக்கா" என்றார் சங்கரபாண்டியன். பூக்கூடை அம்மாள் ஒரு முழம் பூவைக் கிள்ளிக் கோமதியின் தலையில் வைத்தாள், பஸ் முழுக்க விசாரித்தது, பார்லித் தண்ணி ருசியாக இருந்ததா என்றுகூட ஒருவர் கேட்டார். சுடலைமுத்து ஸ்டியரிங்கில் கைவைத்து வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தார், காத்திருந்து பார்த்தார், அது வரவில்லை. சங்கரபாண்டியன் மகளின் கையைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் கோமதிதான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பஸ்ஸின் தகரத்தை ஓங்கித் தட்டி, "போலாம் ரைட்!" என்று கத்தினாள்.